நாற்பத்திரண்டு அடி

1987 ஜூலை 20, திங்கள்

விடியலிலிருந்து மழை. கம்ப்ரஸர் அறைக் கூரை மூன்று இடத்தில் ஒழுகல். வாளி இரண்டுதான். மூன்றாவது இடத்துக்கு என் சாப்பாட்டு டப்பா.

இன்று முப்பது டைவிங் பாட்டிலுக்குக் காற்று அடித்தேன். ஒரே ஆளாக. டைவிங் கடைகளில் இந்த வேகத்துக்கு வேறு ஆள் இல்லை. தீவு முழுக்க விசாரித்தாலும் இல்லை.

மதியம் முதலாளி கூப்பிட்டார். புதுச் சாமான் வந்திருக்கிறது. டைவ் கம்ப்யூட்டர். சோப்புப் பெட்டி அளவு, மணிக்கட்டில் கட்டுவது. தண்ணீர் பட்டால் தானே விழித்துக்கொள்ளும். எத்தனை அடி ஆழம், எத்தனை நிமிடம் ஆயிற்று, இன்னும் எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம், எல்லாம் கண்ணாடியில் எண்ணாக ஓடும். கடையில் விற்கலாமா என்று ஒரு வாரம் கட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். யாரிடம் கொடுத்தார்? இந்த அருளப்பனிடம். முதலாளிக்கு ஆள் தெரியும்.

நல்ல வாரத்தில் கிடைத்தது. அக்கா மகள் ஸ்டெல்லாவுக்கு இந்த ஞாயிறோடு டைவிங் பயிற்சி முடிகிறது. அடுத்த திங்கள் காலை அவள் சான்றுத்தாளைப் பல்கலைக்கழகத்தில் காட்ட வேண்டும். காட்டினால் தெற்குத் தீவுகளில் பவளப்பாறை எண்ணும் வேலை. காட்டாவிட்டால் பட்டியலில் அடுத்த பெயர். இரண்டு வருடமாக இந்த ஒரு வேலைக்காகவே மனு மேல் மனு.

அத்தான் முதலில் சம்மதிக்கவில்லை. “பொம்பளப் புள்ள தனியா கடலுக்குப் போறதா? ஒன் தம்பி கூடப் போனா போகட்டும்” என்றார் அக்காவிடம். அதனால் நானும் பயிற்சியில். கப்பல்பட்டறையில் இருபது வருடம் டைவிங் வேலை, இருநூறு அடி பார்த்தவன். எனக்கு எதற்குப் பயிற்சி? பிள்ளைக்காக.

ஜூலை 21, செவ்வாய்

வெயில். தேக்காவில், வழக்கமான கடையில் மதியச் சாப்பாடு. கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு போனேன். சும்மாதான்.

தையல்காரர் மணியம் கேட்டார்: “என்னண்ணே கையில, ரேடியோவா?”

தண்ணீர் தம்ளரில் முக்கிக் காட்டினேன். பெட்டி விழித்தது. எண் ஓடியது. கடையே எழுந்து வந்துவிட்டது. ஐம்பது அறுபது பேர். ரசம் ஊற்றுகிறவர் வாளியோடு நின்றுவிட்டார்.

“ரசத்துல முக்கினா எத்தன அடின்னு சொல்லுமா?” என்றார் மணியம்.

“இந்தக் கடை ரசத்துல முக்கினா அடியே தெரியாது, அவ்வளவு தண்ணி” என்றேன். ரசக்காரர் முறைத்தார். நாளைக்கு அப்பளம் கிடைக்காது.

வாங்க வேண்டியது: தலைவலித் தைலம், பேட்டரி (டார்ச்சுக்கு), அக்காவுக்கு முருங்கைக்காய்.

ஜூலை 22, புதன்

மாலை எழுத்துப் பரீட்சை. டேபிள்.

டேபிள் என்றால் பிளாஸ்டிக் அட்டை. முழுக்கப் பொடி எண். மேலிருந்து கீழே ஆழம். குறுக்கே நிமிடம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஓர் ஆங்கில எழுத்து. உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் ஏறியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். மேலே வந்து காத்திருந்தால் எழுத்து இறங்கும். இறங்கிய எழுத்தை வைத்துத்தான் அடுத்த டைவ் எவ்வளவு நேரம் என்று பார்ப்பது. நாலாம் வகுப்பில் வாய்ப்பாடே இவ்வளவு சுற்றவில்லை.

இருபதுக்கு ஸ்டெல்லா இருபது. எனக்குப் பதினாறு. பயிற்றுநர் ஹனீபா என் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கடற்படையில் இருந்தவர், சத்தமே போடாத ஆள். பூர்வீகம் நாகூர்ப் பக்கம். வாய்க்கேள்வி ஆறு கேட்டுவிட்டு, “சரி, தேறிட்டீங்க அண்ணே. ஆனா டேபிளைத் தலையணைக்கு அடியில வச்சுப் படுங்க” என்றார்.

பஸ்ஸில் ஸ்டெல்லாவுக்கும் எனக்கும் வாதம்.

“எதுக்கு இந்த அட்டை? பெட்டி எல்லாத்தையும் சொல்லுதே” என்றேன்.

“பெட்டி செத்துப்போச்சுன்னா, மாமா?”

“ஏன் சாகுது? நான் பாத்துக்குறேன்.”

“பெட்டி உள்ளதை உள்ளபடி கணக்குப் போடும். டேபிள் எப்பவும் ஒரு படி மேல எடுத்துக்கும். இப்ப நாப்பத்திரண்டு அடின்னு வைங்க, டேபிள்ல நாப்பத்திரண்டு கிடையாது. அம்பதுலதான் பாக்கணும். நாப்பதுன்னு கொறச்சு எடுக்கக் கூடாது.”

“அப்ப டேபிள் கூட்டிச் சொல்லுதுங்கிற.”

“ஒங்கள மாதிரி” என்று ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். கெட்டிக்காரி. என் இரத்தம்.

ஜூலை 24, வெள்ளி

காற்று இல்லை. வியர்வை.

கோயிலில் பாவசங்கீர்த்தனம். கடலுக்குப் போகுமுன் செய்துவிடுவது நல்லது. ஃபாதர் கூண்டுக்குள்ளிருந்து, “அருளப்பன், போன மாசமும் இதைத்தான் சொன்னீங்க. அப்ப ஒருத்தரை அடிச்சேன்னீங்க, இப்ப மூணு பேரா? பாவத்தையுமா பெருக்கிச் சொல்வாங்க?” என்றார். மூன்று செபம் விதித்தார். ஒன்பது சொன்னேன்.

எடுத்துப்போக: முகமூடி, காலில் மாட்டும் துடுப்பு இரண்டு ஜோடி, ஸ்டெல்லாவின் எழுதுபலகை (தண்ணீருக்குள்ளும் எழுதும்), தைலம், கம்ப்யூட்டர், துண்டு, நாசி லெமாக் தேங்காய்ச்சோறு ஐந்து பொட்டலம், அக்கா தந்த புளியோதரை, ஜெபமாலை (பையில், அத்தானுக்குத் தெரிய வேண்டாம், பயம் என்று நினைப்பார்).

புளியோதரையை முன்கூட்டியே ருசி பார்த்தாயிற்று.

ஜூலை 25, சனி

பாசிர் பாஞ்சாங் ஜெட்டி, காலை ஏழரை. படகோட்டி பாக் டின். பயிற்சிக்கு நாலு பேர்: நாங்கள் இருவர், வங்கியில் வேலை பார்க்கும் சீனப் பையன்கள் இருவர். புலாவ் ஹந்து தீவுப் பக்கம் நங்கூரம்.

கடலில் முதல் இரண்டு டைவ். ஹனீபா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். மரியாதைக்காக. கம்ப்யூட்டர் இருபத்துமூன்று அடி என்றது. புதுப் பெட்டி, கூச்சப்படுகிறது.

ஒரு களவாய் மீன் பார்த்தேன். மூன்று பேர் உட்காரும் சோபா அளவு. வாயைத் திறந்து என்னைப் பார்த்தது. நான் பார்த்த பார்வையில் திரும்பிப் போய்விட்டது. ஸ்டெல்லா தன் பலகையில் “களவாய், 1 அடி” என்று எழுதியிருந்தாள். அவள் வேறு மீனைப் பார்த்திருப்பாள்.

மாலைப் பூசை முடிந்து வாசலில் பாடகர் குழுப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். பெட்டிக்கு உள்ளே என்ன இருக்கிறது அங்கிள், காட்டுங்க லா, என்று. பத்துக் காசை வைத்துப் பின்மூடியைத் திருகிப் பேட்டரியைக் காட்டினேன். ஒரு கையில் வடை. மழை தூற ஆரம்பித்ததும் மூடிக் கட்டிக்கொண்டேன்.

அத்தான் போன் செய்தார். “பத்திரமா கூட்டிட்டு வந்துருவீங்கள்ல?” என்றார். “என்ன அத்தான், யார்கிட்டப் பேசுறீங்க?” என்றேன்.

ஜூலை 26, ஞாயிறு

இன்றையதை நடந்தபடியே எழுதுகிறேன். ஒரு தடவையாவது.

காலை கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அமைதி. அதே இடம், ஆனால் பாறைக்கு வெளிப்புறம் நங்கூரம். தண்ணீர் பச்சை. கையை நீட்டினால் விரல் மங்கல்.

ஹனீபா சொன்னது: “ஜோடி ஜோடியா இறங்குங்க. நங்கூரக் கயித்தோடயே அடிக்குப் போங்க. அங்கேர்ந்து பாறை ஓரமா ஒரு சுத்து, திரும்பக் கயித்துக்கு. அறுபது அடி தாண்டக் கூடாது. ஒரு ஜோடிக்கு ஒரு ஆழமானி. அண்ணே, ஒங்ககிட்ட அந்தப் பெட்டி இருக்கு, அது போதும்.” அவர் வங்கிப் பையன்களோடு பின்பக்கம் இறங்கினார்.

நேரம் பார்ப்பது ஸ்டெல்லாவின் கைக்கடிகாரம். ஆழம் பார்ப்பது என் பெட்டி.

ஒன்பது பத்துக்கு இறங்கினோம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு அடிவரை போனேன். மணல், நங்கூரம், பச்சை இருட்டு. ஸ்டெல்லா பாறைப் பக்கம் கை காட்டினாள். கயிற்றை விட வேண்டும். கை திறக்கவில்லை. நான் திற என்கிறேன், அது திறக்கவில்லை. மறுபடி கை காட்டினாள். மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அவள் என் முகமூடிக் கண்ணாடிக்குள் பார்த்தாள். பிறகு வந்து என் பக்கத்தில் அதே கயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டாள். ஒரு நண்டு வந்தது. அதைப் பலகையில் வரைந்தாள். மறு கையால் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

பெட்டியைப் பார்த்தேன். 42. பெட்டியின் கண்ணாடிக்குள் மூச்சு விட்டதுபோல் ஒரு மூட்டம். மறுபடி பார்க்கும்போது எண் இல்லை.

ஒன்பது நாற்பத்துநாலுக்கு மேலே வந்தோம். முப்பத்துநாலு நிமிடம்.

படகில் வங்கிப் பையன்கள் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ஹனீபா இன்னும் தண்ணீரில், மிதவையை அவிழ்த்துக்கொண்டு. ஒரு பையன் கேட்டான்: “அங்கிள், எவ்வளவு ஆழம்?”

நான் யோசிக்கவில்லை. வாய் பேசியது. “தொண்ணூறு.”

பிறகு நிற்கவில்லை. நீரோட்டம் ஸ்டெல்லாவை இழுத்தது, நான் பின்னாலேயே பாய்ந்தேன், கப்பல் போகும் பள்ளத்தின் விளிம்பில் பிடித்தேன் என்று. இருவரும் வாயைத் திறந்து கேட்டார்கள். ஸ்டெல்லா துடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

ஏணியில் ஹனீபாவின் தலை. “தொண்ணூறா? ஒங்கள யாரு அறுபதைத் தாண்டச் சொன்னது?”

“நீரோட்டம், தம்பி.”

“பெட்டியக் காட்டுங்க.”

பெட்டி கறுப்பு. அவர் மூடியைத் திருகினார். ஒரு கரண்டி கடல்நீர் கொட்டியது. மூடியின் ரப்பர் வளையத்தில் ஊறிய வடைத் துணுக்கு. அதை நகத்தால் எடுத்துப் பார்த்தார். தன் பையிலிருந்து அட்டையை எடுத்தார். டேபிள்.

“தொண்ணூறு அடிக்கு முப்பது நிமிஷம்தான். நீங்க முப்பத்துநாலு. அப்படின்னா வர்ற வழியில பத்தடியில நின்னு, நைட்ரஜன் கழிஞ்சு வந்திருக்கணும். நிக்கல. ரெண்டு பேரும் இன்னிக்கு இனித் தண்ணியில கால் வைக்கக் கூடாது. அப்படியே படுங்க. கை கால் மரத்தா, மூட்டு வலிச்சா, ஒடனே சொல்லணும்.”

“மாஸ்டர், இன்னும் ஒரு டைவ் இருக்கு எனக்கு. நாளைக்குக் காலைல பேப்பர் காட்டணும்” என்றாள் ஸ்டெல்லா.

“காட்டுறதுக்கு ஆள் இருக்கணும்ல, பாப்பா.”

படகுப் பலகையில் படுத்தோம். வெயில். பையன்கள் நாசி லெமாக் பிரித்தார்கள். ஸ்டெல்லா பிளாஸ்டிக் பையிலிருந்து பல்கலைக்கழகக் கடிதத்தை எடுத்தாள். படித்தாள். நாலாக மடித்தாள். மறுபடி பையில் வைத்தாள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள், மெதுவாக: “தொண்ணூறா, மாமா?”

அதோடு சரி. அத்தானுக்கு முன்னால், அக்காவுக்கு முன்னால், யாருக்கு முன்னாலும் அவள் சொல்லப் போவதில்லை. அது எனக்குத் தெரியும். அதனால்தான் படுத்திருக்க முடியவில்லை. எனக்கு உடம்பில் வலி எங்கும் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எழுந்து உட்கார்ந்தேன். “தம்பி, தொண்ணூறு இல்ல.”

“எவ்வளவு?”

“நாப்பத்திரண்டு.”

ஹனீபா அட்டையை மடியில் வைத்தார். கோபம் இல்லை. “புள்ளைக்காகச் சொல்றீங்க. அப்பச் சொன்னது பொய்யா, இப்பச் சொல்றது பொய்யா, எனக்கு எப்படித் தெரியும் அண்ணே? சந்தேகம்னு வந்தா பெரிய எண்ணைத்தான் எடுக்கணும். டேபிளோட ரூல் அது.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் கதவு திறக்கும் என்று நினைத்தேன். ஐம்பத்துநாலு வருடமாக நான் சொன்ன மீன், சொன்ன ஆழம் எல்லாம் கதவுக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து நின்றன.

மிச்சத்தையும் சொல்ல வேண்டியிருந்தது.

“நாங்க எங்கயுமே போகல. நங்கூரக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். முப்பத்துநாலு நிமிஷமும். கை விடல. பயம்.” அந்தக் கடைசி வார்த்தை எனக்கே புதிதாகக் கேட்டது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “கப்பல்பட்டறையில நான் டைவர் இல்ல. மேல நின்னு டைவருக்குக் காத்துக்குழாய் பிடிச்சவன்.”

ஹனீபா பாக் டின்னிடம் மலாயில் கேட்டார். ஆகவே தமிழ் தெரியாத பையன்கள் வரை படகு முழுக்கத் தெரிந்தது. கிழவர் பீடியை வாயிலிருந்து எடுக்காமலே படகின் முன்பக்கத்தைக் காட்டினார். குமிழி முழுக்க இங்கேதான் வந்தது, ஓர் அடி நகரவில்லை, இவர் நங்கூரத்தை ரிப்பேர் செய்கிறார் என்று நினைத்தேன் என்றார். பையன்கள் இருமினார்கள்.

“நீ ஏன் இவ்வளவு நேரம் சொல்லல?” ஹனீபா ஸ்டெல்லாவிடம்.

“மாமாவே சொல்லட்டும்னு, மாஸ்டர்.”

பாக் டின் நங்கூரத்துக்குப் பக்கத்தில் ஈயக்குண்டுக் கயிற்றை இறக்கினார். ஆறடிக்கு ஒரு முடிச்சு. ஏழாவது முடிச்சு நனைந்தது. எட்டாவது காய்ந்திருந்தது.

ஹனீபா அட்டையில் விரலை வைத்தார். ஐம்பது அடி வரிசை. நாற்பது நிமிடம். எழுத்து எஃப். “பன்னண்டேகால் வரைக்கும் மேல இருந்தா சி ஆகிடும். போலாம்.”

எனக்கு உயிர் வந்தது. “பாத்தீங்களா தம்பி, டேபிளும் நாப்பத்திரண்டை அம்பதுங்குது.”

முதல் தடவையாக ஹனீபா பல் தெரியச் சிரித்தார். “அது அம்பதோட நிறுத்திக்கும், அண்ணே.”

மதியம் பன்னிரண்டு இருபதுக்கு ஹனீபாவும் ஸ்டெல்லாவும் இறங்கினார்கள். நான் இல்லை. கயிறு இல்லாமல் இறங்குகிற அன்றைக்குத்தான் எனக்குச் சான்று என்றார். எனக்கு வேலை: பலகையும் பென்சிலும். இறங்கிய நேரம் 12:20. ஏறிய நேரம் 12:52. ஆழம் 36, ஹனீபாவின் ஆழமானிப்படி. எழுதிவிட்டு இரண்டு தடவை சரிபார்த்தேன்.

ஸ்டெல்லா ஏணியில் ஏறும்போதே கத்தினாள்: “மாமா, கடல்குதிரை!”

“எவ்வளவு பெருசு?”

“சுண்டுவிரல் அளவு.” சுண்டுவிரலைக் காட்டினாள். பாதி விரலை மடக்கிக்கொண்டு, “இல்ல, இவ்வளவுதான்” என்றாள்.

ஜெட்டியில் வைத்தே ஹனீபா கையெழுத்துப் போட்டார். ஸ்டெல்லாவைப் புக்கிட் பாஞ்சாங்கில் அக்கா வீட்டு வாசல்வரை கூட்டிப்போய் விட்டேன். அத்தான், “எப்படி இருந்துச்சு?” என்றார். “அவதான் என்னைப் பாத்துக்கிட்டா” என்றேன். அத்தான் சிரித்தார். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. இரவுச் சாப்பாட்டில் எனக்குக் கூடுதலாக ஒரு மீன் துண்டு வைத்தாள்.

ஜூலை 27, திங்கள்

தூறல். கூரை இன்னும் ஒழுகல்.

பத்தரைக்கு ஸ்டெல்லா கடைக்குப் போன் செய்தாள். வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். புதன்கிழமை முதல் படகு. போனை வைத்துவிட்டுக் கம்ப்ரஸரை வீணாக ஓடவிட்டேன், சத்தத்துக்காக.

கம்ப்யூட்டர் இரவெல்லாம் அரிசி டின்னில் இருந்தும் விழிக்கவில்லை. முதலாளியிடம் வடை வரை சொன்னேன். அவர் கூரையைப் பார்த்தார். பிறகு, விற்கலாமா வேண்டாமா, அதைச் சொல் என்றார். சொன்னேன்:
விற்கலாம்.
மூடியைத் திறக்காதவருக்கு மட்டும்.
டேபிள் தெரியாதவருக்குக் கொடுக்கக் கூடாது.
கூடவே ஓர் ஆழமானியும் விற்க வேண்டும்.
கடைசியைக் கேட்டதும் முதலாளிக்கு முகம் தெளிந்தது.

தேக்காவில் மதியம். அப்பளம் கிடைத்தது. மணியம் பக்கத்து இலையில்.

“என்னண்ணே, கடலுக்குப் போனீங்களாமே. எத்தன அடி?”

“நாப்பத்திரண்டு.”

“அட, சும்மா அடக்கி வாசிக்காதீங்க லா. நானூறு இருக்கும்.”

“நாப்பத்திரண்டுதான், மணியம். நங்கூரக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன். பயம்.”

மணியத்துக்குப் புரையேறும் அளவு சிரிப்பு. ரசக்காரரைக் கூப்பிட்டு, “அண்ணன் புதுசா ஒரு கதை கட்டியிருக்காரு, கேளுங்க” என்றார். இன்னும் நாலு பேர் திரும்பினார்கள். முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். ஒரு அடி கூட்டவில்லை. ஒருவரும் நம்பவில்லை. நன்றாகச் சிரித்தார்கள்.

புதன் மாலை ஹனீபா டேபிள் பாடம், எனக்கு மட்டும். ஸ்டெல்லா தன் அட்டையைக் கொடுத்திருக்கிறாள். ஆகஸ்டில் மறுபடி படகு.

இந்த நோட்டை மறுபடி புரட்டினேன். பரீட்சை பதினாறு என்று இருக்கிறது. அடித்து, பதினொன்று என்று எழுதினேன். போன திங்கள் முப்பது பாட்டில். அடித்து, பதினெட்டு. தேக்கா ஐம்பது பேர். ஏழு.

சனிக்கிழமையின் சோபா அளவுக் களவாய் மீன் வரை வந்தேன். மை தீரவில்லை. பேனாவை மூடிவிட்டேன்.